ஆகாய மேஸ்திரிக்கு ஒரு கடைமடை மனு

அனுப்புநர்: காவிரிக் கடைமடைப் பாசனக்காரன் ஒருவன், டெல்டா.

பெறுநர்: உயர்திரு வேற்றுக்கிரகத் தலைமைப் பொறியாளர் அவர்கள், பறக்கும் தட்டு, கதவிலக்கம் தெரியவில்லை, ஆகாயம்.

பொருள்: தஞ்சைப் பெரிய கோயிலைத் தாங்கள் கட்டியதாகத் தெரியவருவது – நிலுவைக் கூலி, மராமத்து, இதர கோரிக்கைகள் – சம்பந்தமாக.

பார்வை: கி.பி. 1010ஆம் ஆண்டுக் கல்வெட்டு. மற்றும் கைப்பேசியில் அன்றாடம் வந்துசேரும் காணொளிகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

மக்கள் குறைதீர் நாள் என்று திங்கள்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிறார்கள். அங்கே கொடுக்க வேண்டியதைத் தங்களுக்கு எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் ஒரு மதகு உடைந்தால், போட்ட ஆறாம் மாதம் ஒரு சாலை பல்லிளித்தால், வேலையை எடுத்தவர் யார், உள்குத்தகைக்குச் செய்தவர் யார் என்று கண்டுபிடிப்பதற்குள் அடுத்த டெண்டர் வந்துவிடும். பொறுப்பாளி என்று ஒருவர் சிக்கவே சிக்காத இந்தச் சீமையில், ஆயிரம் வருஷத்துக்கு மேல் நிற்கிற ஒரு கட்டடத்தைக் காட்டி, "செய்தவர் இவர்தான்" என்று தங்களைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். கிடைத்த ஆளை விட மனசில்லை.

பிடித்துக் கொடுத்தவர்கள் தங்கள் தரப்பு வக்கீல்கள். கையில் டார்ச் லைட்டும் குச்சியில் கேமராவுமாகக் கோயிலுக்குள் வருவார்கள். ஒரு தூணைத் தட்டிப் பார்ப்பார்கள். "இதை மனுஷன் செஞ்சிருக்க முடியுமா மக்களே?" என்று கேட்டுவிட்டு, மக்கள் வாய் திறப்பதற்குள் வானத்தைக் காட்டுவார்கள். அவ்வளவுதான் விசாரணை, தீர்ப்பும் அதே மூச்சில். கீழே பத்து லட்சம் பேர் கைகூப்பும் படம் போட்டுவிட்டுப் போவார்கள்.

அவர்களுடைய முதல் சாட்சியம் நிழல். விமானத்தின் நிழல் தரையில் விழாதாம். விழுகிறது ஐயா. கன்னங்கரேலென்று விழுகிறது. 200 அடிக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் ஒரு கல் கட்டடத்துக்கு வெயிலில் நிழல் விழாமல் போனால் அதை விசாரிக்க வேண்டியது சூரியனிடம். உச்சிவேளையில் நிழல் அடிப்பீடத்தோடு ஒடுங்கிவிடும். பொழுது சாயச் சாயக் கிழக்கே மண்டபத்தின் மேலும் பிராகாரத்திலும் நீண்டு படுக்கும். அந்த நிழலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "இந்தக் கோபுரத்தோட நிழல் கீழ விழாதுடா தம்பி" என்று பிள்ளைக்கு வரலாறு சொல்லிக் கொடுக்கிற அப்பாக்கள் எங்கள் மண்ணில் உண்டு. தாங்கள் எத்தனை ஒளியாண்டு தொலைவிலிருந்து வந்தாலும் இப்படி ஒரு காட்சியைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இரண்டாவது, 80 டன் ஒற்றைக்கல். விமானத்தின் உச்சியில் இருப்பது ஒரே கல், அதைத் தூக்க அக்காலத்தில் கிரேன் ஏது, ஆகவே தாங்கள். சித்தர் கட்சிக்காரர்கள் தங்களுக்கு அவ்வளவு மரியாதை தருவதில்லை. சித்தர் ஒருவர் மந்திர ஒலியால் கல்லை மிதக்க வைத்தார் என்பார்கள். இரண்டு தரப்புமே மேலே ஏறிப் பார்த்ததில்லை. ஏறிப் பார்த்த ஒருவர் உண்டு. பியேர் பிஷார் என்ற பிரெஞ்சுக் கட்டடக்கலை ஆய்வாளர் இந்தக் கோயிலை அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்து 1995இல் புத்தகமாகவே போட்டார். உச்சிச் சிகரம் பல கற்களை இழைத்துப் பொருத்திய வேலை என்பது அளந்தவர்களுக்குத் தெரிந்த விஷயம். துண்டு துண்டாகக் கல்லை ஏற்றி, வெளியே மூட்டு தெரியாமல் ஒரே கல் என்று ஆயிரம் வருஷம் நம்ப வைத்திருக்கிறானே, அந்தத் தச்சனின் கை எப்பேர்ப்பட்ட கை! அந்தக் கெட்டிக்காரத்தனத்தைத்தான் தங்கள் வக்கீல்கள் அவனுக்கு எதிரான சாட்சியாக நிறுத்துகிறார்கள்.

மூன்றாவதாக விமானத்தின் வடபக்கத்தில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரரின் சிற்பம். கோயிலைக் கட்டிய ராஜராஜன் ஞானதிருஷ்டியால் வருங்காலத்தைக் கண்டு செதுக்கி வைத்தானாம். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க்காரர்களோடு ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடியைக் கொடுத்தார். அதற்குப் பிறகு மராட்டிய அரண்மனைக்குள் வெள்ளைத் தொப்பிகள் வருவதும் போவதுமாக இருந்தன. அந்தக் காலங்களில் நடந்த திருப்பணி ஒன்றில் சேர்ந்த உருவம் அது என்றுதான் அறிஞர்கள் கருதுகிறார்கள். வருங்காலம் தெரிந்த ராஜா தன் வம்சம் 13ஆம் நூற்றாண்டில் பாண்டியனிடம் அழியப்போவதைப் பார்க்காமல், ஐரோப்பியத் தொப்பியை மட்டும் குறித்து வைத்தான் என்றால் அது என்ன ஞானதிருஷ்டியோ.

இப்போது பார்வையில் கண்ட முதல் ஆவணத்துக்கு வருகிறேன். தங்களுக்குச் சங்கடமான ஆவணம்.

இந்தக் கோயிலைக் கட்டிய ராஜா ஒரு கணக்குப்பிள்ளை. பக்தி பாதி, பதிவேடு பாதி. தன் ஆட்சியின் 25ஆம் ஆண்டு, 275ஆம் நாள், விமானத்தின் உச்சியில் வைக்கக் கலசம் கொடுத்ததை எழுதும்போது, செப்புக்குடத்தின் எடை 3,083 பலம், அதன்மேல் போர்த்த பொன் 2,926 அரைக் கழஞ்சு என்று அரைக் கழஞ்சையும் விடாமல் கல்லில் வெட்டியவன். தான் கொடுத்தது, அக்கன் கொடுத்தது, தேவியர் கொடுத்தது, அதிகாரிகள் கொடுத்தது என்று ஒவ்வொரு நகைக்கும் எத்தனை முத்து, எத்தனை மணி, என்ன எடை என்று கணக்கு உண்டு. வேறு கோயில்களிலிருந்து 400 ஆடற்பெண்களைக் கூட்டிவந்து குடியமர்த்தினான். ஒவ்வொருத்தியின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெரு, தென்சிறகா வடசிறகா, எத்தனையாவது வீடு என்று கதவிலக்கம் வரைக்கும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அதை அளக்க வேண்டிய மரக்காலின் பெயர் ஆடவல்லான். மத்தளம் அடிப்பவர் பெயர், கணக்கெழுதுபவர் பெயர், ஏன், ராஜராஜப் பெருநாவிசன் என்று பட்டம் பெற்ற நாவிதர் வரைக்கும் இடம் கிடைத்திருக்கிறது. கட்டிய தலைமைத் தச்சர் பெயரும் உண்டு: வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். கூடவே நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன்.

நாவிதரை மறக்காத அந்தக் கணக்குப்பிள்ளை, 80 டன் கல்லை ஆகாயத்திலிருந்து இறக்கிவைத்த தங்களை எப்படி ஐயா மறந்தான்? தாங்கள் எந்தத் தெருவில், எந்தச் சிறகில் குடியிருந்தீர்கள்? தங்களுக்கு எத்தனை பங்கு? அளந்த மரக்கால் எது? பறக்கும் தட்டை நிறுத்திய இடத்துக்கு இறையிலி உண்டா? ஒரு வரி இல்லை. ரசீதில்லாமல் வேலை செய்யும் வழக்கம் தங்கள் கிரகத்திலும் இருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

எங்கள் வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவும் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற கல்லில் இருந்தபோதும் 19ஆம் நூற்றாண்டின் கடைசிவரை இந்தக் கோயிலைக் கட்டியவன் கரிகாலன், குஷ்டம் தீர்ந்த நன்றிக்குக் கட்டினான் என்று ஸ்தல புராணம் சொன்னதைச் சொல்லிக்கொண்டிருந்தோம். 1880களில் ஹுல்ச் என்ற ஜெர்மானியர் அரசுக் கல்வெட்டு ஆய்வாளராக வந்து, நம்மூர் வெங்கையா போன்றவர்களின் துணையோடு படித்து அச்சிட்ட பிறகுதான், ஊர்க்காரனுக்குத் தன் ஊர்க் கோயிலைக் கட்டியவன் பெயர் தெரிந்தது. தமிழில் எழுதிய கல்லுக்கு முன்னால் 900 வருஷம் தமிழர்கள் தேங்காய் உடைத்துக்கொண்டு நின்றோம். இப்போது செல்ஃபி எடுத்துக்கொண்டு நிற்கிறோம். அந்தக் கல்லைத்தான் யாரும் படிப்பதில்லை. படித்தால் தாங்கள் எங்கும் வரமாட்டீர்கள், காணொளிக்கு ஆள் வராது.

தங்களை முதலில் உலகப் பிரபலம் ஆக்கியவரைத் தாங்கள் அறிவீர்கள். எரிக் வான் டேனிகன், சுவிட்சர்லாந்தின் டாவோஸ் ஊரில் ஹோட்டல் மேலாளர். கடவுளர் என்று பண்டைய மக்கள் கும்பிட்டதெல்லாம் விண்வெளியிலிருந்து வந்தவர்கள் என்று 1968இல் ஒரு புத்தகம் போட்டார், கோடிக்கணக்கில் விற்றது. 1970இல் ஹோட்டல் கணக்கைத் திரித்துக் கடன் வாங்கிய மோசடிக்காக அவருக்கு மூன்றரை ஆண்டு சிறைத்தண்டனை விதித்தார்கள். சொந்தக் கணக்கையே பொய்யாக எழுதியவருக்கு, அரைக் கழஞ்சு பிசகாமல் கல்லில் எழுதிய கணக்கின் அருமை எப்படித் தெரியும்?

அவர் மனசில் தங்களை வரவழைத்த இடங்களைக் கொஞ்சம் பாருங்கள். எகிப்து, பெரு, மெக்சிகோ, ஈஸ்டர் தீவு. கறுத்தவனும் பழுப்பு நிறத்தவனும் கல்லை நிமிர்த்திய இடங்கள். கொலோன் பேராலயத்தை 1248இல் தொடங்கி 1880இல்தான் முடித்தார்கள். இடையில் பல தலைமுறை கொத்தர்கள் பிறந்து செத்தார்கள். அதன் கோபுரம் நம் விமானத்தைவிட இரண்டு மடங்கு உயரம். அங்கே தங்களை யாரும் கூப்பிடவில்லை. ஜெர்மானியக் கொத்தனால் முடியும். அதில் யாருக்கும் ஐயமே எழாது. ஆப்பிரிக்காவின் பெரிய ஜிம்பாப்வே கற்கோட்டையை ஆப்பிரிக்கர்கள்தான் கட்டினார்கள் என்பதை ரொடீசிய வெள்ளை அரசு ஒத்துக்கொள்ள மறுத்தது. ஃபினீசியர், அரபியர், ஷீபா ராணி என்று யார் யார் பெயரையோ இழுத்தது. உண்மையைச் சொன்ன தொல்லியலாளர் பீட்டர் கார்லேக் 1970களின் தொடக்கத்தில் நாட்டைவிட்டே போக வேண்டி வந்தது. கட்டியவன் இவன்தான் என்று ஒத்துக்கொண்டால், நிலம் யாருடையது என்ற கேள்வி அடுத்து வரும். அதற்குத்தான் இந்தச் சுற்றுவழி.

வெள்ளைக்காரன் நம்மைப் பார்த்து "இவனுக்கு இவ்வளவு வருமா?" என்று கேட்டதையே நாம் தமிழில் டப்பிங் செய்து, பின்னணி இசை சேர்த்து, நம் பெருமை என்று பரப்புகிறோம். இதைவிட மலிவாக ஓர் இனம் தன்னை விற்றுக்கொண்டதில்லை.

இந்த இடத்தில் மனுவின் மரியாதையைக் கொஞ்சம் கழற்றி வைக்கிறேன், மன்னிக்க வேண்டும்.

டேனிகனின் புத்தகம் வெளிவந்த அதே 1968. டிசம்பர் 25 ராத்திரி. அன்றைய தஞ்சை மாவட்டம் கீழ்வெண்மணி. கூலியாக அளக்கும் நெல்லில் அரைப்படி கூடக் கேட்டவர்கள், செங்கொடிச் சங்கத்தை விடமாட்டோம் என்றவர்கள். அவர்களுடைய பெண்களும் குழந்தைகளும் கிழவர்களுமாக ஒரு குடிசைக்குள் ஒதுங்கியபோது நிலக்காரர்களின் ஆட்கள் கதவடைத்துத் தீ வைத்தார்கள். 44 பேர். வழக்கு நடந்தது. கீழ்க் கோர்ட்டில் தண்டனை. மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் நிலக்காரர்களை விடுவித்தது. இவர்கள் பெரும் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவதற்கில்லை என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது.

நிலக்காரனால் நடக்க முடியும் என்று நம்பாத அந்தப் புத்தியும், கூலிக்காரனால் கட்ட முடியும் என்று நம்பாத இந்தப் புத்தியும் ஒரே களத்து நெல். ஒன்று செய்தவனைத் தப்ப விடுகிறது, மற்றது செய்தவனை அழித்தே விடுகிறது. இரண்டிலும் பலன் மேலே இருக்கிறவனுக்குப் போகிறது. மேலே என்றால் சில சமயம் மாளிகை, சில சமயம் ஆகாயம்.

சரி, ராஜராஜனைத் தூக்கிப் பிடிக்கத்தான் இந்த மனு என்று தாங்கள் நினைக்க வேண்டாம். மேற்படி கல்வெட்டுக்காரன் எல்லார் பெயரையும் எழுதினான் என்றேன். எழுதாத பெயர்களும் உண்டு. டெல்டா வண்டல் மண். ஒரு பாறை கிடையாது. திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துக் குன்றுகளில் உடைத்த கருங்கல், 50 கிலோமீட்டர் வாக்கில் இழுபட்டு வந்தது. உடைத்தவன், இழுத்தவன், சாரம் கட்டியவன், ஏற்றுப்பாதைக்கு மண் கொட்டியவன், கால் நசுங்கியவன் எவன் பெயரும் கல்லில் இல்லை. சாரம் போட்டு மண் எடுத்த இடம் என்று கர்ணபரம்பரையாகச் சொல்லும் சாரப்பள்ளம் என்ற ஊர்ப்பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவர்கள் குடியிருப்பு மட்டும் கல்வெட்டில் வேறு விதமாக வருகிறது. கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய கிராமங்களில் எந்தெந்த நிலத்துக்கு வரி இல்லை என்று பட்டியல் போடும்போது ஊர்நத்தம், குளம், வாய்க்கால், அப்புறம் பறைச்சேரி, கம்மாணச்சேரி, ஈழச்சேரி, தீண்டாச்சேரி. சுடுகாட்டில்கூட வெள்ளாளருக்கு ஒன்று, பறையருக்கு ஒன்று. 1,000 வருஷத்துக்கு முன்பே அவ்வளவு துல்லியம்.

இதைப் பற்றித் தங்களிடம் கேட்க வேண்டும். விமானம் கட்டும் தொழில்நுட்பத்தைத் தாங்கள் கொண்டுவந்தீர்கள் என்கிறார்கள். நாங்கள் அதை மறந்துவிட்டோமாம். இரட்டைச் சுடுகாட்டுத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தது யார்? அதை மட்டும் ஒரு தலைமுறைகூட மறக்கவில்லையே! இன்றும் டெல்டாவில் சேரிப் பிணம் நடவு வயலுக்குள், முழங்கால் சேற்றில், பாதையில்லாமல் போகிற ஊர்கள் உண்டு. வரப்பில் இறங்கினால் சண்டை வரும். இதைப் பற்றி ஒரு காணொளிக்காரரும் "மனுஷன் இப்படிச் செய்ய முடியுமா மக்களே?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

தங்கள் தண்ணீர்ப் பிரிவைப் பற்றியும் ஒரு புகார்.

பூம்புகாரில் கரையிலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில் லாட வடிவில் ஏதோ ஒன்றைத் தேசியக் கடலியல் நிறுவனத்தார் 1990களின் தொடக்கத்தில் கண்டார்கள். கண்டவர்கள் அடக்கமாக இருந்தார்கள். கிரஹாம் ஹான்காக் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் வந்து முங்கி எழுந்து, 2002இல் புத்தகம் போட்டார்: கடல் இவ்வளவு ஆழத்துக்கு ஏறி 11,000 வருஷம் ஆகிறது, ஆகவே இந்தக் கட்டடமும் அவ்வளவு பழசு. அது கட்டடம்தானா என்பதற்கு ஒரு பானை ஓடு, ஒரு கருவி, ஒரு கரித்துண்டு வேண்டாமா? ஆழத்தைக் கண்டால் வயது சொல்லிவிடலாம் என்றால், எங்கள் ஊர்க் குளத்தில் விழுந்த சைக்கிளுக்கும் சோழர் காலம்தான்.

அவர் 11,000 என்றார். நாம் விடுவோமா? 2023 தொடக்கத்தில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத் தரப்பிலிருந்து, கடலடி அளவீட்டுப் படங்களை வைத்துப் பூம்புகாருக்கு 15,000 வயது, துறைமுகம் தெரிகிறது, குடியிருப்பு தெரிகிறது, கலங்கரை விளக்கம் தெரிகிறது என்று செய்தி வந்தது. நான் நெல் விளைவிக்கிறவன், எனக்கு ஒரே சந்தேகம். மனிதன் நெல்லை வீட்டுப் பயிராக்கியதே கடந்த 10,000 வருஷத்துக்குள் நடந்த கதை. அதுவும் சீனத்து யாங்சே கரையில். 15,000 வருஷத்துக்கு முன் உலகத்தில் எங்கும் வீட்டுப் பயிரான தானியம் ஒரு மூட்டைகூடக் கிடையாது. அந்தத் துறைமுகத்தில் என்ன ஏற்றினார்கள்? யாருக்கு அனுப்பினார்கள்? எதிர்க்கரையில் வாங்குவதற்கு மான் துரத்திக்கொண்டிருந்த ஆள் ஒருவன்தான். கலங்கரை விளக்கம் யாருக்காக எரிந்தது ஐயா, தங்கள் தட்டுக்காகவா?

மெய்யான பூம்புகார் கரையிலேயே இருக்கிறது. 1960களில் மத்தியத் தொல்லியல் துறை கீழையூரில் தோண்டியபோது செங்கல் படகுத்துறை வந்தது, படகு கட்டிய மரத் தூண்களோடு. அந்த மரத்துக்குக் கரிம ஆய்வு சொன்ன வயது கி.மு. 3ஆம் நூற்றாண்டு வாக்கு. வானகிரியில் நீர்த்தேக்கம், பல்லவனேசுவரத்தில் புத்த விகாரம். 2,300 வருஷத்துக்கு முந்தைய ஒரு துறையில், படகு கட்டிய அதே மரம்! வேறு நாடாக இருந்தால் அதைச் சுற்றி ஒரு நகரமே எழுப்பியிருப்பார்கள். நம்மாளுக்கு அது போதவில்லை. எண்ணில் ஒரு சைபர் குறைகிறதே. எதிரே கடல் வருஷம்தோறும் கரையைத் தின்றுகொண்டு வருகிறது. 2004 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். முங்கிய நகரத்துக்கு அழுகிற கூட்டம், முங்கிக்கொண்டிருக்கிற மீனவர் குப்பத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

லெமூரியாவும் இதே வகை. 1864இல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கரின் லெமூரும் அதன் உறவினமான நம்மூர்த் தேவாங்கும் கடல் தாண்டி எப்படிப் பிரிந்தன என்று யோசித்து, நடுவில் லெமூரியா என்று ஒரு நிலம் இருந்திருக்கும் என்றார். ஜெர்மானிய உயிரியலாளர் ஹெக்கல் அதை மனித குலத்தின் தொட்டில் ஆக்கினார். பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார் 1888இல் அதில் ராட்சத மனிதர்களைக் குடியேற்றினார். தேவாங்குக்குப் போட்ட பாலத்தில் கடைசியில் தமிழன் ஏறிக்கொண்டான். இறையனார் அகப்பொருள் உரை சொன்ன கடல்கோள் கதையும் அதோடு ஒட்டிக்கொண்டது. தமிழறிஞர் பாவாணரைப் போன்ற அசுர உழைப்பாளியே மனிதன் பிறந்தது அங்கேதான், பேசியது தமிழ்தான் என்று ஆயுள் முழுக்க வாதாடினார். 1981 மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் அரசுச் செலவில் அது குமரிக்கண்டம் என்ற பெயரில் படமாகவே ஓடியது. இந்தியாவும் மடகாஸ்கரும் நிலத்தட்டு நகர்ந்து பிரிந்து எட்டுக் கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்போது இருந்தது டைனோசர். சங்கம் வைத்து அது பாட்டு எழுதியதாகத் தெரியவில்லை.

இவ்வளவு பழமைப் பசி உள்ளவர்கள் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்துக்குப் போகலாம். அங்கே கிடைத்த கல் கோடாரிகளுக்குச் சுமார் 15 லட்சம் வயது. 2011இல் உலக அறிவியல் இதழில் வந்தது. ஒருவரும் அதற்காக மார்தட்டக் காணோம். காரணம் எளிது. செய்தவன் தமிழனில்லை, நம் இனத்து மனிதனே அப்போது தோன்றவில்லை. சாதிச் சான்றிதழ் இல்லாத முன்னோர் நமக்கு எதற்கு?

டில்லியும் சளைத்ததில்லை. 2014இல் மும்பை மருத்துவமனை விழாவில் பிரதமர் விநாயகரின் தலையைக் காட்டி அக்காலத்திலேயே பிளாஸ்டிக் சர்ஜரி இருந்திருக்கும் என்றார். 2019 ஜலந்தர் அறிவியல் மாநாட்டில் கௌரவர்கள் சோதனைக்குழாய்க் குழந்தைகள் என்று ஒரு துணைவேந்தரே சொன்னார். இதே டில்லிதான் கீழடி அகழாய்வின் 982 பக்க அறிக்கையைக் கைநீட்டி வாங்கி இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து, 2025இல் தேதிகளைத் திருத்திக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பியது. குழி குழியாகத் தோண்டி, மண்ணடுக்கு எண்ணி, ஆய்வகத்துக்கு அனுப்பி எழுதினால் ஆட்சேபம். யானைத் தலைக்கு ஆட்சேபம் இல்லை. சென்னை அதைக் கண்டித்தது, நியாயம். குமரிக்கண்டத்துக்குப் படம் எடுத்ததும் சென்னைதான்.

இனி என் கோரிக்கைகள்.

கட்டியவர் தாங்கள்தான் என்றால் மராமத்தும் தங்கள் பொறுப்பு. 1836இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குக் குறுக்கே ஓர் அணை கட்டினார். 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி அதன் 45 மதகுகளில் 9 அடித்துக்கொண்டு போயின. ஆற்று மணலை அள்ளி அள்ளி அடிவாரம் போய்விட்டது என்றார்கள் விவசாயிகள். பழசாகிவிட்டது என்றது அரசு. அதற்குக் கீழே கரிகாலன் பெயரால் நிற்கிற கல்லணையைப் பார்த்துத்தான் மணலில் அஸ்திவாரம் போடக் கற்றேன் என்று காட்டனே எழுதி வைத்திருக்கிறார். பெருங்கல்லை ஆற்றில் போட்டு, மணலுக்குள் அமிழ விட்டு, மேலே மேலே அடுக்கிய வேலை அது. கல்லணையைத் தங்கள் கணக்கில் யாரும் பெரிதாக எழுதவில்லை, கவனித்தீர்களா? அது சேற்று வேலை. கோபுரத்துக்குத்தான் ஆகாயத்தில் ஆள் தேடுவார்கள்; சேற்று வேலையைக் கூலிக்காரனுக்கே விட்டுவிடுவார்கள். ஆகவே தாங்கள் 80 டன்னைத் தூக்கிய அதே கருவியோடு வந்து, கொள்ளிடத்து மணலை லாரிகள் எங்கே கொண்டுபோயினவோ அங்கிருந்து திரும்ப எடுத்து ஆற்றில் போட்டுத் தரவும். வாய்க்கால் தூர்வாரியதாகப் பலகை மட்டும் இருக்கிற இடங்களில் வாய்க்காலையும் வரவழைக்கவும்.

அடுத்து, நேரடி நெல் கொள்முதல் நிலையம். குறுவை நெல் மழையில் முளைத்துக்கொண்டு வாசலில் கிடக்கும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்புவார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு உண்டு. அதைக் கொடுத்தால் நெல் தானாகக் காய்ந்துவிடும். ராஜராஜன் ஆடவல்லான் மரக்காலால் அளந்தான். இவர்கள் அளக்கும் மரக்காலுக்குப் பெயர் கிடையாது, கல்வெட்டும் கிடையாது. எட்டு மணி நேரத்தில் நட்சத்திரம் தாண்டுகிற தாங்கள் இந்தக் கியூவில் ஒரு நாள் நின்று பார்க்கவும்.

கடைசியாகக் கூலி. கல் தங்களுடையது என்று தாங்கள் ஒத்துக்கொள்ளும் பட்சத்தில், அதை இழுத்தவர்களின் நிலுவையும் தங்களைச் சேர்ந்தது. ஆளுக்கு எவ்வளவு என்று கல்வெட்டில் இல்லாததால், ஆடற்பெண்ணுக்கு ஒதுக்கிய 100 கலத்தையே அளவாக வைத்துக்கொள்ளலாம். 1010லிருந்து வட்டி வேண்டாம். அளக்கும்போது சேரிப் பக்கம் வந்து அளக்கவும். பண்ணை வீட்டுக் களத்தில் வைத்து அளந்த காலத்தின் சாணிப்பாலும் சவுக்கடியும் எங்களுக்கு நினைவிருக்கிறது. 1968இல் கேட்ட அரைப்படியையும் அதில் சேர்த்துக்கொள்ளவும். அதை வாங்கிக்கொள்ள வேண்டிய 44 பேர் இல்லை. வெண்மணியில் அவர்கள் பெயர் கல்லில் இருக்கிறது, வாசிக்க ஜெர்மானியர் தேவையில்லை.

கட்டவில்லை என்றால், அதையும் தங்கள் கைப்பட எழுதிக் கொடுத்துவிடவும். தங்கள் வக்கீல்களிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
கடைமடைக்காரன்.

நகல்: குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் அவர்களுக்கு, பெரிய கோயில், தஞ்சாவூர். தகவலுக்காகவும் உரிய நடவடிக்கைக்காகவும்.